பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கோடு

சந்தனமாரி எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் முப்பது வரிகூடத் தேறாது. அதில் ஒரே ஒரு வரியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளுக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அந்த ஒற்றை வரிதான் சோறு வடிக்கும்போதும் தையல் மெஷினில் நூல் கோக்கும்போதும் நினைவுக்கு வந்து, அவளை அப்படியே நிற்கவைத்துவிடுகிறது.

உடன்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய அந்த ஊரிலிருந்து முன்பெல்லாம் ஆண்கள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். இப்போது வானத்துக்குப் போகிறார்கள். செவ்வாய்க்கும் அப்பால் மிதக்கும் பாறைகளில் உலோகம் வெட்டுகிற வேலை. போய்ச் சேரவே வருடக்கணக்கில் ஆகும் என்பதால் ஆட்களைத் தூங்கவைத்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள். கம்பெனி அதற்கு நெடுந்துயில் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தூக்கக் கப்பல், அவ்வளவுதான். சந்தனமாரியின் புருஷன் அய்யாதுரை அதில் படுத்திருந்தான். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் ஒரே மகன் சுயம்புவும் அதே கப்பலில்தான்.

உயிரோடு இருக்கிறவனைப் பெட்டிக்குள் படுக்கவைத்து அனுப்பிவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவது? அதற்காகத்தான் தினமும் காலையில் ஆளுக்கு ஓர் எண் வந்தது. தூங்குகிற உடம்புக்குள் உயிர் தணல் மாதிரி அணையாமல் கிடக்கும். நேற்றைவிட இன்றைக்கு அந்தத் தணல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதுதான் அந்த எண். "ஒங்க வீட்டுத் தணல் வந்துட்டா?" என்று தண்ணீர்க் குழாயடியில் விசாரித்துக்கொள்வார்கள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. போகிற கப்பலும் திரும்புகிற கப்பலும் பாதி வழியில் ஓரிடத்தில் பக்கம் பக்கமாக வரும். ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில்கள் கடப்பதுபோல என்பதால் ஊரில் அதைக் கிராசிங் என்றார்கள். திரும்புகிற கப்பலில் டாக்டர் இருப்பார். வீட்டிலிருந்து யாராவது கேட்டால், ஆளை அங்கே மாற்றி ஏற்றி, எழுப்பி, ஊருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கிராசிங் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. போகிற கப்பலில் எல்லோரும் தூங்குகிறவர்கள்தான்.

"எம்புள்ள ஒத்தப் புள்ள," என்று மகன் கப்பல் ஏறிய அன்றே பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். "துளி கொறைஞ்சாலும் எழுப்பிருவேன். வேல போனா போவுது."

ஆனால் வந்த எண்ணைப் பார்த்து எதுவும் புரிந்துகொள்ளும்படி இல்லை. புள்ளிக்குப் பின்னால் ஒன்பது இலக்கம். தெருவில் எல்லோரும் புள்ளியையும் முன்னால் நிற்கும் குறி, பூஜ்யங்களையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை லட்சக் கணக்கில் வாசித்தார்கள். 0.003718264 என்று வந்தால் முப்பத்தேழு லட்சம். மறுநாள் 0.000914302 என்று வந்தால் ஒன்பது லட்சம். "நேத்து முப்பத்தேழு லச்சம் இருந்த புள்ளைக்கு இன்னைக்கு ஒம்பது லச்சம்தான் இருக்கு, ராத்திரியில என்னத்தக் கண்டு பயந்தானோ" என்று ஒரு வீட்டில் அழுகை தொடங்கினால் தெருவே கூடிவிடும். கம்பெனிக்குப் போன் மேல் போன் போகும். அங்கே பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, எல்லாம் வழக்கம்போல் இருப்பதாகச் சொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் நூலக மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுத்த ஹெலன் டீச்சர் கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். படிக்கிறவர்கள் எல்லோரும் அவளுக்கு அக்காக்கள், சித்திகள். தசம எண்களைச் சுருக்கி, புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம் நிற்கும்படி வரிசையாக அச்சிடுவது எப்படி என்ற பாடம் வந்த அன்று, சந்தனமாரிக்கு மண்டைக்குள் விளக்குப் போட்டமாதிரி இருந்தது.

"டீச்சர், தணல் நம்பரையும் இப்படிச் சுருக்கலாமா?"

"தாராளமா சுருக்கலாம்க்கா. நீங்களே எழுதுங்க, நான் பாக்கேன்."

எழுதினாள். இரண்டு நாள் தப்பும் தவறுமாக எழுதிக் கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கி, மூன்றாம் நாள் ஓடியது. இடது பக்கம் தெருக்காரர்களின் பெயர், வலது பக்கம் எண். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எல்லோருடைய போனிலும் போட்டுக்கொடுத்தாள். முப்பத்தேழு லட்சமும் ஒன்பது லட்சமும் ஒழிந்தன. ஊரில் அவளுக்கு ஏகப்பட்ட மரியாதை. சந்தனமாரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பேச்சியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். அவள் ஒரு பழைய போனைச் சாமி அலமாரியிலேயே சாய்த்துவைத்திருந்தாள். விளக்கேற்றி, சாமியைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே மகனையும் பார்த்துக்கொள்வாள்.

"ஏட்டி மாரி, இது என்னது? எம்புள்ள பேருக்கு நேர ஒரு கோடு நிக்கி?"

சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். சுயம்புவுக்கு நேரே -0.00 என்றிருந்தது.

"அது மைனஸ் சித்தி. நேத்து எங்க வீட்டுக்கும் இருந்துச்சு. வரும், போகும்."

"ஒம் புருசனுக்கு வந்துச்சு, போயிட்டு. எம்புள்ளைக்கு வந்தது போகவே இல்லியேட்டி. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"பூஜ்யத்துக்கு ஏது சித்தி மைனஸ்? ஒண்ணுமில்லாததுல என்னத்தக் கழிக்க? கம்ப்யூட்டர் கிறுக்குத்தனமாப் போடுது."

"அப்பம் எடுத்துரு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு முன்னால, புள்ள பேருக்கு நேர கழிக்கக் கோடு நிக்கது நல்லாவாட்டி இருக்கு? எனக்கு ஈரக்கொல நடுங்குது."

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று சந்தனமாரி யோசிக்காமல் இல்லை. ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடினாள். அன்று வகுப்பில் கேட்டபோது ஹெலனும் சிரித்தாள். "மைனஸ் ஜீரோ கணக்குலயே கிடையாதுக்கா. எடுத்துருங்க, பாக்க நீட்டா இருக்கும்." சுருக்கிய பிறகு பூஜ்யம் வந்தால் முன்னால் நிற்கும் கோட்டை அழித்துவிடு என்று சந்தனமாரி ஒரு வரி சேர்த்தாள். டீச்சர் அதைப் பலகையில் எழுதிப்போட்டு, "பாருங்க, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அக்கா கண்டுபிடிச்சிருக்காங்க" என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். பாவி மக்கள், தட்டினார்கள்.

அதன்பிறகு தெரு அமைதியாகிவிட்டது. தினமும் காலையில் எல்லோருக்கும் 0.00. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கம்பெனிக்குப் போன் போடுவது நின்றுபோனது. பேச்சியம்மாள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். சாத்தான்குளத்தில் ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பையன் வந்ததும் முடித்துவிடலாம் என்று ஜாதகம்கூட வாங்கிவைத்தாள். கிராசிங் வருவதற்கு முந்தின வாரம் சுவரோரம் வந்து நின்றாள்.

"எழுப்பணும்னா இந்த வாரத்தோட கேட்டுரணுமாம். நீ என்னட்டி சொல்லுத?"

"எதுக்கு சித்தி? அண்ணன் சொகமாத் தூங்குதான். அதான் பூஜ்யம்னு காட்டுதே."

"அதுவும் சரிதான். மெனக்கெட்டுப் போன புள்ளைய நாம எதுக்குக் கெடுக்கணும்?"

கப்பல் கிராசிங் தாண்டிய அன்று பேச்சியம்மாள் பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். சந்தனமாரிக்கு மட்டும் முந்திரியைத் தேடித் தேடி அள்ளிப்போட்டாள்.

கொஞ்ச நாளில் கம்பெனியின் திருச்செந்தூர் அலுவலகத்திலிருந்து பேச்சியம்மாளுக்கு அழைப்பு வந்தது. துணைக்குச் சந்தனமாரி போனாள். உள்ளே மேனேஜரும் டாக்டர் ஃபாயிஸாவும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் காயல்பட்டினத்துக்காரர், சின்ன வயது. பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, சுயம்புவோட உடம்பு இந்தத் தூக்கத்த ஏத்துக்கல. ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும். தணல் இறங்கிக்கிட்டே வந்திருக்கு. இன்னும் ரொம்ப நாள் தாங்காதும்மா."

"எறங்குதா?" பேச்சியம்மாள் சந்தனமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "பூஜ்யம் பூஜ்யம்னுல்லா காட்டுது?"

"எண்ணு எப்பவுமே சின்னதுதாம்மா. எல்லாருக்குமே பூஜ்யத்துக்குப் பக்கத்துலதான் நிக்கும். எவ்வளவுன்னு பாக்கவே வேண்டாம், எந்தப் பக்கம்னு பாத்தாப் போதும். நல்லா தூங்குறவங்களுக்கு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். இவருக்கு இறங்க ஆரம்பிச்சப்புறம் ஒருநாள்கூட ஏறவே இல்ல. குடத்துல ஊசி ஓட்டை விழுந்த மாதிரி." டாக்டர் சந்தனமாரியிடம் திரும்பினார். "தினமும் மைனஸ் வந்திருக்குமே. கிராசிங் வரைக்கும் உங்ககிட்டேருந்து போன் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

சந்தனமாரி மேஜைப் பக்கம் நகர்ந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா டாக்டர்?"

"சொல்லக் கூடாதுன்னு சட்டம். முன்னாடி கம்பெனியே இஷ்டத்துக்கு ஆளுங்கள எழுப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்துச்சுல்ல? அதுக்காகத்தான நீங்கல்லாம் போராடினீங்க? எழுப்புற முடிவு வீட்டுக்குத்தான்னு ஆச்சு. நாங்க ஒரு யோசனை சொன்னாக்கூட அது வற்புறுத்தல். எண்ணை மட்டும் அனுப்பலாம். கிராசிங் தாண்டுற வரைக்கும் எங்க வாயக் கட்டிட்டாங்க."

அந்தப் போராட்டத்தில் பஸ் ஸ்டாண்ட் முன்னால் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் சந்தனமாரியும் ஒருத்தி. தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தியிருந்தாள்.

மேனேஜர் மேஜையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "ஒன்பது இலக்கமும் குறியோட சேத்துத்தாம்மா அனுப்பியிருக்கோம். நடுவுல வேற ஏதோ புரோகிராம் போட்டுப் பாத்தா, அதுக்குக் கம்பெனி பொறுப்பாக முடியாது."

அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் சொன்னது உண்மை. அதற்கு மேல் சந்தனமாரியால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். விதி, சாமி, யாரோ வைத்த கண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். சந்தனமாரியின் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அந்தச் சாய்வைச் சந்தனமாரியால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புரோகிராமைத் திறந்து அந்த வரியை எடுத்தாள். பழைய எண்களையெல்லாம் மறுபடி ஓடவிட்டாள். அய்யாதுரைக்கு நேரே கோடு வந்தது, போனது, வந்தது, போனது. தெருவில் மற்ற எல்லோருக்கும் அப்படித்தான். சுயம்புவின் பெயருக்கு நேரே மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பிருந்தே மேலிருந்து கீழே வரை கோடு, கோடு, கோடு. ஒரு குழந்தைக்குக் காட்டினாலும் என்னவோ சரியில்லை என்று சொல்லிவிடும்.

புருஷன் பிழைத்துக் கிடக்கிறான் என்று ஒரு நிமிடம் மனசு நிம்மதிப்பட்டது. அதற்காகவும் தன்னையே வெறுத்துக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மேனேஜர் சொன்னது பேச்சியம்மாளுக்குப் புரிந்திருக்கவில்லை, தானாகத் தெரிய வழியும் இல்லை. சந்தனமாரி சாயங்காலம்வரை முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டு, கடைசியில் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சியம்மாளுக்குப் புரிய நேரமாயிற்று.

"அந்தக் கோடாட்டி?"

"ஆமா சித்தி."

"நாந்தானட்டி எடுக்கச் சொன்னேன்."

"எடுத்தது நாந்தான் சித்தி. எங்கேருந்து வருதுன்னு நான் பாத்திருக்கணும்."

பேச்சியம்மாள் அலமாரியில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்றே தெருவுக்கு அதுவரை தெரியாது.

"நான் எழுத்துக்கூட்டி வாசிக்கவ. எனக்குக் கோடுன்னா கோடு, அம்புட்டுத்தான். நீ படிக்கப் போனவல்லா? நான் என்ன சொன்னாலும் செஞ்சிருவியா நீ? 'இரி சித்தி, என்னன்னு பாக்கேன்'னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எம்புள்ளைய ஒங்கிட்டத்தானட்டி பாத்துக்கிட்டு இருந்தேன்?"

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. பேச்சியம்மாள் அடிக்கவில்லை. சத்தமெல்லாம் ஓய்ந்து, அலமாரிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்.

"இப்பம் கோடு இருக்கா?"

"இருக்கு சித்தி. திரும்பப் போட்டுட்டேன்."

"கோடு இருந்தா எறங்குதான்னு அர்த்தம்."

"ஆமா."

"எறங்குதான்னா, இன்னும் இருக்கான்னுதானட்டி அர்த்தம்?"

சந்தனமாரி தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு பேச்சியம்மாள் அவளோடு வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வாசல் தெளிக்கும் முன்பு சுவரோரம் வருவாள். தன்னுடைய போனில் பார்த்தது போதாது. சந்தனமாரி வாயாலும் கேட்க வேண்டும். "கோடு இருக்கா?" என்பாள். "இருக்கு சித்தி" என்பாள் சந்தனமாரி. பேச்சியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் விளக்கேற்றுவாள். எந்தக் கோட்டைப் பார்த்து நடுங்கினாளோ, அது நிற்க வேண்டும், இன்னும் ஒருநாள் நிற்க வேண்டும் என்று கும்பிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் சந்தனமாரியும் அதையேதான் கும்பிட்டாள். ஹெலன் டீச்சர் ஒருநாள் வந்து, "நானும்தான எடுக்கச் சொன்னேன்" என்று அழுதுவிட்டுப் போனாள். வகுப்பு அதோடு நின்றுபோயிற்று.

ஒருநாள் காலையில் பேச்சியம்மாள் சுவரோரம் வந்து நிற்கவில்லை. தலைகூட முடியாமல், போனைக் கையில் தூக்கிக்கொண்டு சந்தனமாரி வீட்டுக்குள்ளேயே ஓடிவந்தாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"ஏட்டி மாரி! கோடு போயிட்டுட்டி! பாரு, போயே போயிட்டு! ஒருநாள் ஏறும்னு டாக்டரம்மா சொன்னாள்லா? ஏறிட்டாண்டி எம்புள்ள!"

அவள் சந்தனமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சந்தனமாரியைத் தொட்டது அப்போதுதான்.

சந்தனமாரி போனை வாங்கிப் பார்த்தாள். சுயம்பு, 0.00. கோடு இல்லை. ஏறியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஏற்றமும் இறக்கமும் எல்லாம் முடிந்துபோயிருந்தாலும் இப்படியேதான் காட்டும். இரண்டு இலக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். 'ஆமா சித்தி' என்று சொன்னால் போதும், அந்த அம்மாளுக்கு இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோ இந்தச் சிரிப்பு இருக்கும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசையாக இருந்தது.

பாயை விரித்துப் போட்டாள். "இப்படி உக்காருங்க சித்தி. சுருக்காம, முழுசா வந்தத வாசிக்கேன்."

"வாசி, வாசி. எம்புட்டு ஏறியிருக்கான்னு பாப்போம்."

கம்பெனி அனுப்பிய எண்ணைத் திறந்தாள். திரையைப் பார்த்துவிட்டு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

"பூஜ்யம். அப்புறம் புள்ளி."

"ம்."

"பூஜ்யம். பூஜ்யம்."

"அது எல்லாருக்கும் அப்படித்தான. அங்க தள்ளித்தான் வரும். மேல வாசி."

"பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்."

பேச்சியம்மாளின் கை அவள் முழங்கையை இறுக்கியது. "அடுத்தது?"

"பூஜ்யம்."

"அடுத்தது?"

"பூஜ்யம் சித்தி."

"இன்னும் இருக்குல்லா? ஒம்பது உண்டுன்னு சொன்னாவள்லா? வாசிட்டி."

"பூஜ்யம்." சந்தனமாரி கடைசி இலக்கத்தில் விரலை வைத்தாள். "பூஜ்யம். அவ்வளவுதான் சித்தி."

வாசலில் பால்காரன் மணி அடித்துவிட்டுப் போனான். பேச்சியம்மாள் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் அங்கேயே இருந்தது.

"அவசரமா வாசிச்சிட்ட நீ," என்றாள். "எங்கயோ ஒண்ண விட்டுட்ட. மொதல்லேருந்து வாசி."

சந்தனமாரி முதலிலிருந்து, ஓர் இலக்கத்தையும் விடாமல், மெதுவாக வாசித்தாள்.